ஏழடியில் ஒரு சோம்பல் முறிப்பு

என் மனைவி என்னைவிட ஐந்து அங்குலம் உயரம். எங்கள் கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் இது தெரியாது. படம் எடுத்தவர் கெட்டிக்காரர். ஜோடியாக எடுத்த எல்லாப் படங்களிலும் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துவிட்டார். ஆல்பத்தைப் புரட்டிய தூரத்து உறவுக்காரர் ஒருவர், "பொண்ணுக்கு அன்னைக்கு கால்வலியாப்பா?" என்று விசாரித்திருக்கிறார்.

அவள் தையல்காரி. புதுச்சேரி முதலியார்பேட்டையில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் முன்னறை முழுக்க அவளுடையது. தையல் மிஷின், வெட்டுமேசை, சுவர் நெடுக ஆணியில் தொங்கும் ரவிக்கைகள். நான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் அச்சுப் பிரிவில் இருக்கிறேன். பெட்டிகளின் மேல் குடைப் படமும், கண்ணாடிக் கோப்பைப் படமும், மேலே பார்க்கும் அம்புக்குறியும் அடிப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாளும் அந்த மூன்று படங்கள்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் என் இஷ்டத்துக்குப் படம் போடுவேன்.

என்னைப் போல ஞாயிற்றுக்கிழமை மட்டும் தூரிகை பிடிக்கிறவர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு குழுவாக இருக்கிறோம். ஒரு பஸ் கண்டக்டர், இரண்டு டீச்சர்கள், ஒரு பல் டாக்டரம்மா, இப்படி. புதுச்சேரியில் படம் போடுகிறவர்கள் எல்லோரும் எதைப் போடுகிறார்களோ அதையேதான் நாங்களும் போட்டுக்கொண்டிருந்தோம்: மஞ்சள் சுவர், நீலக் கதவு, சுவர்மேல் சரிந்து கிடக்கும் காகிதப்பூ. கடைசியில் பல் டாக்டரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இனிமே எவனாவது மஞ்சச் சுவர் கொண்டாந்தீங்கன்னா பல்லப் புடுங்கிடுவேன்" என்றார். "தை மாசம் கண்காட்சி வைக்கிறோம். ஆளுக்கொரு மனுஷ உருவம். வெறும் பெயிண்ட்டா இருக்கக் கூடாது. காகிதம், துணி, நூலு, கரி, எது கெடைச்சாலும் ஒட்டிக் கலந்து பண்ணணும்."

மனுஷ உருவம் நான் போட்டதே இல்லை. சுவர் அசையாமல் நிற்கும். கோணலாக வந்தாலும் பழைய சுவர் என்று சொல்லித் தப்பிக்கலாம். மூக்கு கோணினால் என்ன சொல்வது?

ஒரு வாரம் யாரைப் போடுவது என்று அலைந்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறேன், என் மனைவி அப்போதுதான் மிஷினைவிட்டு எழுந்திருந்தாள். நாள் முழுக்கக் குனிந்தே தைத்தவள். எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்குமேலே தூக்கி, விரல்களைக் கோத்து, கண்ணை மூடி, நுனிக்காலில் எம்பி ஒரு சோம்பல் முறித்தாள் பாருங்கள், முன்னறையே சின்னதாகிப் போனது. கைகள் ஓடாத மின்விசிறியின் இறக்கைக்குக் கொஞ்சம் கீழேவரை போயின. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற ஆள்தான். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு முதல்முதலாகப் பெண் பார்க்கப் போனதுபோல் காதெல்லாம் சூடாகிவிட்டது. கையிலிருந்த சாப்பாட்டுக் கேரியரைக் கீழே வைக்காமலேயே செல்போனை எடுத்து ஒரு படம் எடுத்துவிட்டேன்.

"ஐய, என்னங்க இது! அழிங்க மொதல்ல!" என்று பாய்ந்து வந்தாள்.

"இதத்தான் வரையப் போறேன்."

"நைட்டியோடவா? அக்குள் தெரிய கையத் தூக்கிகினு நிக்கிறதையா? உங்களுக்கு என்ன கிறுக்கா?"

"புடவ கட்டி வரைஞ்சுடறேன்."

"ஒண்ணும் வேணாம். அழிங்க." செல்போனைப் பிடுங்கினாள். அழிப்பதற்கு முன்னால் ஒரு தரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்து, "புடவன்னா என் கத்திரிப்பூ கலர் காட்டன் புடவ. வேற எதுவும் கட்டி விட்டுறாதீங்க" என்று சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டாள்.

மறுநாளே ஆரம்பித்தேன். மகள் வெளியூரில் படிக்கப் போனதிலிருந்து உள்ளறை காலியாகக் கிடந்தது. அதில் நாலடி உயரம், மூன்றடி அகலமுள்ள ஒட்டுப்பலகை ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்தேன். வெள்ளைப் பெயிண்ட்டில் மரப்பசையும் கொஞ்சம் சாக்பொடியும் கலந்து மூன்று கோட்டிங். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தேய்த்தால் தூசி பறக்கும். தூசி முன்னறைப் பட்டுத் துணிகளின்மேல் போய் உட்காரும். "தோ பாருங்க, இன்னொரு தடவ தேய்ச்சீங்க, உங்களத்தான் தேய்ப்பேன்" என்று சத்தம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கதவடியில் ஈரத் துண்டைச் சொருகித் தேய்த்து முடித்தேன். பலகை முட்டை ஓடு மாதிரி வழுவழுப்பாக வந்தது. அதைத் தடவிப் பார்ப்பதற்காகவே நடுநடுவே எழுந்து போனேன்.

அடுத்தது காகிதம். அடியில் ஒரு காகிதப் படலம் இருந்தால் மேலே போடும் நிறத்துக்கு ஆழம் வரும் என்று காணொளியில் பார்த்திருந்தேன். பழைய செய்தித்தாளைக் கிழிக்க உட்கார்ந்தபோது அவள் எட்டிப் பார்த்து, "இத ஒட்டினா என் மூஞ்சியில தங்கம் வெல நிலவரம் தெரியும்" என்றாள். உள்ளே போய், கட்டுக்கட்டாகப் பழுப்புக் காகிதம் கொண்டுவந்து போட்டாள். அத்தனையும் வாடிக்கைக்காரர்களின் அளவுக்கு வெட்டிய மாதிரித் தாள்கள். ஊரைவிட்டுப் போனவர்கள், உடம்பு மாறிப்போனவர்கள் என்று இனி தேவைப்படாதவை.

"இது பேங்க் மேனேஜரம்மா முதுகு. இது கான்வென்ட் டீச்சர் கழுத்து. இது யாரு, தெரியல, ஆனா நல்ல தோள்பட்ட" என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் கிழித்துக் கிழித்து ஒட்டினேன். பென்சில் கோடும், எண்களும், சாக்குக்கட்டி அம்புகளும் பலகை முழுக்கப் பரவின. ஏதோ ஊரிலுள்ள பெண்களெல்லாம் சேர்ந்து என் மனைவிக்கு அடித்தளம் போட்டது மாதிரி இருந்தது.

அதன்மேல் கரித்துண்டால் உருவம் வரைந்தேன். செல்போன் படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மேலே கோத்த விரல்களிலிருந்து ஆரம்பித்தேன். விரல், முழங்கை, முகம், கழுத்து என்று இறங்கினேன். நன்றாகத்தான் போனது. இடுப்பு வந்தது. தொடை வந்தது. முழங்கால் வந்தது. பலகை தீர்ந்துவிட்டது.

அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "மொழங்கால் வரைக்கும்தானா நான்?"

துணியால் துடைத்துவிட்டு மறுபடி சின்னதாக வரைந்தேன். இந்தத் தடவை பாதம்வரை வந்தது. திருப்தியாகக் கையைத் துடைத்துக்கொண்டேன். அவள் கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். என் படத்தை அளக்க ஆரம்பித்தாள்! தோளிலிருந்து தோள், தோளிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து கால். அளந்ததைக் காதில் சொருகியிருந்த பென்சிலால் பலகை ஓரத்திலேயே எழுதி, மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

"தல பெருசு. தோளு சின்னது. காலு ரொம்பவும் குட்ட. இது நான் இல்ல. இது உங்க தங்கச்சி."

நியாயமாகப் பார்த்தால் அது என் தங்கைதான். எங்கள் குடும்பத்து உடம்பு அப்படியே வந்திருந்தது.

"பலகை இவ்ளோதானே இருக்கு, நான் என்ன பண்றது?"

"துணி பத்தலன்னா நாங்க என்ன பண்ணுவோம்? வர்றவங்கள குட்டையா ஆவச் சொல்லுவோமா? ஒட்டுப் போடுவோம். இன்னொரு பலகை வாங்கியாந்து கீழ ஜாயிண்ட் பண்ணுங்க. ஜாயிண்ட்ட கொசுவம் சொருகுற எடத்துல கொண்டாந்து வைங்க, வெளிய தெரியாது."

மூன்றடிக்கு மூன்றடியில் இன்னொரு பலகை வந்தது. பின்பக்கம் இரண்டு கட்டைகளைக் குறுக்கே கொடுத்துத் திருகாணியால் முடுக்கினேன். மறுபடி வெள்ளைப் பூச்சு, மறுபடி உப்புத்தாள், மறுபடி அவள் திட்டு, மறுபடி காகிதம். இப்போது ஏழடி. சுவரோடு சாய்த்தால் பரணைத் தொட்டது. இனிச் சின்னதாக வரைய வழியே இல்லை. ஆளளவுக்குத்தான் வரைய வேண்டும். அவளைப் பலகையில் சாய்ந்து நிற்கச் சொல்லி, கையைத் தூக்கச் சொல்லி, கரியால் சுற்றிலும் புள்ளி வைத்தேன். மேலே எனக்கு எட்டவில்லை. முக்காலி போட்டு ஏறினேன். அக்குள் பக்கம் கரி பட்டதும் அவளுக்குக் கூச்சம் வந்து, சிரித்துச் சரிந்து, முக்காலியையும் என்னையும் சேர்த்துத் தள்ளிவிட்டாள். கீழ்வீட்டிலிருந்து, "மேல என்னம்மா?" என்று குரல் வந்தது. "ஒண்ணுமில்ல, அளவு எடுக்கிறோம்" என்று அவள் கத்தினாள்.

உடம்புக்கு முதலில் செங்கல் நிறத்தைத் தண்ணியாகக் கரைத்து ஓடவிட்டேன். அது காய்ந்ததும் பழுப்பு, அதன்மேல் மஞ்சள் கலந்த பழுப்பு, நிழல் விழும் இடத்தில் கத்திரிப்பூ நிறம். கெட்டியாகப் பூசாமல் மெல்லியதாகப் பூசியதால் அடியிலிருந்த பழுப்புக் காகிதக் கோடுகள் தோலுக்குள்ளிருந்து தெரிந்தன. முழங்கைக்குக் கீழே ஒரு பதினான்கரை, கழுத்தோரம் ஒரு அம்பு. எனக்கே ஒரு கணம் நம்ப முடியவில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குப் போனாலும் அதே நினைப்பு. அச்சு எந்திரத்தின் முன்னால் நின்று, குடைப் படத்துக்கெல்லாம் நிழல் எங்கே விழும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

புடவை அவள் வேலை. பழைய கத்திரிப்பூப் புடவையிலிருந்து நல்ல பகுதியை வெட்டி, தண்ணீர் கலந்த பசையில் முக்கி, பலகையிலேயே கொசுவம் வைத்தாள். என்னை நெருங்கவிடவில்லை. ஏழு மடிப்பு, ஒவ்வொன்றும் ஒரே அளவு. காயும்வரை துணி உலர்த்தும் கிளிப்புகளைப் போட்டு, அவள் சொன்ன மாதிரியே ஒட்டின இடத்தை அடியோடு மறைத்துவிட்டாள். கூந்தலுக்குக் கறுப்பு நூலைச் சுருளோடு அவிழ்த்து, பசையில் நனைத்து, நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக ஒட்டினோம். இரண்டு பேர் விரலும் ஒட்டிக்கொண்டு, சமையலறைக் குழாயடியில் நின்று வெந்நீர் ஊற்றிப் பிரித்தோம். அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டில் எங்காவது ஒரு நூல் கிடந்தது.

மீதி இருந்தது ரவிக்கையும் முகமும். முகத்தை நினைத்தாலே பயம். அதனால் ரவிக்கையை எடுத்தேன்.

அது ஒரு சனிக்கிழமை காலை. மிஷின் ரிப்பேர் என்று கம்பெனியில் அன்றைக்கு விடுமுறை. அவள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். மிஷினுக்கு அடியில் வெட்டுத்துணி போடும் பை ஒன்று எப்போதும் இருக்கும். அதிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். குனிந்து பார்த்தேன். அன்றைக்கு இரண்டு பை இருந்தது. முதல் பையில் எல்லாம் லைனிங் துணி. இரண்டாவதில், மேலாகவே, மயில்கழுத்து நிறத்தில் இரண்டு பட்டுத் துண்டுகள். திருப்பினால் பச்சை, சாய்த்தால் ஊதா. ஓரத்தில் விரலகலத்துக்குச் சரிகை. யாரோ எனக்காகவே வெட்டி வைத்தது மாதிரி இரண்டும் ஒரே அளவு. தூக்கிய கைகளின்மேல் வைத்துப் பார்த்தேன். கத்திரிப்பூப் புடவைக்கு மேலே அந்தப் பட்டு வந்ததும் படம் முழுக்க விளக்குப் போட்டதுபோல் ஆனது. ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பசையைத் தாராளமாகத் தடவி, ஒட்டி, உருளையால் அழுத்தி, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக் காயவிட்டேன்.

அவள் பையோடு உள்ளே வந்தாள். "வந்து பாரு, வந்து பாரு" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனேன். பார்த்தாள். பையிலிருந்த முருங்கைக்காய்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"இது எங்கேருந்து எடுத்தீங்க?"

"மிஷினுக்கு அடியிலதான். பையில."

"எந்தப் பையி?"

"ரெண்டாவது..."

"ஐயோ! அது மதாமோட கை!"

மதாம் என்றால் அவளுடைய முக்கியமான வாடிக்கைக்காரர். பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அறுபதைத் தாண்டியவர். வருஷத்தில் பாதி பிரான்சில் மகன் வீட்டில், பாதி இங்கே. வந்திருந்தது தங்கை மகள் கல்யாணத்துக்காக. அதற்கு எடுத்த பட்டுப் புடவையின் தலைப்புக்கு அப்பால் விட்டிருந்த ரவிக்கைத் துணியைத்தான் கொண்டுவந்து கொடுத்திருந்தார். உடம்புப் பாகத்தை என் மனைவி தைத்து முடித்துவிட்டாள். மிச்சமிருந்த கைத்துணி இரண்டையும், ஓரம் அடிப்பதற்காகத் தனியே பையில் போட்டு வைத்திருந்தாள். வேறு துணி ஒரு முழம்கூடக் கிடையாது. கல்யாணம் புதன்கிழமை. மறுநாள் காலை பத்து மணிக்கு மதாம் அளவு பார்க்க வருவார்.

உரிக்கப் பார்த்தோம். ஈரத்துணி வைத்தோம், இஸ்திரிப்பெட்டி ஆவி காட்டினோம். ஓரம் கொஞ்சம் தூக்கியது. கூடவே காகிதமும் பெயிண்ட்டும் சேர்ந்து கிளம்பியது. சரிகை நூல் பிரிய ஆரம்பித்தது. அவள் கையை எடுத்துவிட்டாள். தரையில் முருங்கைக்காய்களுக்கு நடுவே உட்கார்ந்தாள்.

"பதினஞ்சு வருஷமா தைக்கிறேன். ஒருத்தர் துணிய நான் ஒரு இஞ்ச் வீணாக்கினதில்ல. நீங்க வந்து மதாம் கையவே எடுத்து ஒட்டிட்டீங்க."

"நான் வேணா மதாம்கிட்ட சொல்றேன்" என்றேன்.

"என்னன்னு சொல்லுவீங்க? 'மதாம், உங்க கைய என் பொண்டாட்டி தூக்கிகினு நிக்கிறா'ன்னா?"

சொல்லிவிட்டு அவளே ஒரு கணம் நின்றாள். உதடு நடுங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வாய்விட்டு, பிறகு சத்தமே இல்லாமல், கண்ணை இறுக்க மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, முருங்கைக்காயால் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அடக்குவோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம், மறுபடி ஆரம்பிக்கும். "கை" என்று யார் சொன்னாலும் போதும்.

அந்தச் சிரிப்பு முடியாமலேயே நான் எழுந்து தூரிகையை எடுத்தேன். பயமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. இறுக்க மூடிய கண், சாய்ந்த தலை, பல் தெரியத் திறந்த வாய். அத்தனையும் எதிரிலேயே இருந்தது. ஒரு மணி நேரத்தில் முகம் வந்துவிட்டது. மூக்கு கொஞ்சம் கோணல்தான். சிரிக்கிற முகத்தில் அது தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்துக்குச் சரியாக மதாம் படியேறி வந்தார். "போன்ழூர்மா" என்று பிரெஞ்சில் வணக்கம் சொன்னார். குட்டையான, உருண்டையான அம்மா. முத்து மாலை, கைத்தடி. என் மனைவி கையில்லாத ரவிக்கையை எடுத்து மேசைமேல் வைத்தாள். நான் கதவோரம் நின்றேன்.

"என்னம்மா, கை எங்க?"

"உள்ள இருக்கு மதாம்."

"உள்ளயா? எடுத்தா."

"எடுக்க முடியாது மதாம். நீங்கதான் வந்து பாக்கணும்."

உள்ளறைக்கு அழைத்துப் போனோம். மதாம் நிமிர்ந்து பார்த்தார். இன்னும் நிமிர்ந்து பார்த்தார். "மோன் தியே!" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டார். பிறகு திட்டினார். பிரெஞ்சில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி. துணி வாங்கிய கதை, வாங்கப் போன வெயில், அதற்காக ஏறி இறங்கிய கடைகள் எல்லாம் வந்தது. என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "தப்புத்தான் மதாம், தப்புத்தான் மதாம்" என்றாள். நான், "அவமேல தப்பு இல்ல மதாம், நான்தான் ஒட்டினேன்" என்றேன். மதாம் கைத்தடியை என் பக்கம் திருப்பி, "உன்ன அப்புறம் வச்சிக்கிறேன் மிஸ்யே" என்றார்.

மூச்சு வாங்கியதும் உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோள்பட்ட புடிச்சுகினு ரெண்டு வருஷம் ஆவுது" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "தல வாரக்கூட கை இவ்ளோதான் தூக்க முடியும். என் துணி பாரு, எங்க போயி நிக்குது."

மதாம் மேசைமேலிருந்த ரவிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். கண்ணாடி முன்னால் நின்று உடம்போடு வைத்துப் பார்த்தார்.

"சான் மான்ஷ்" என்றார்.

"என்ன மதாம்?"

"கையில்லாம. அங்க இருந்தப்ப சின்ன வயசுல அப்படித்தான் போடுவேன். இங்க வந்தா எல்லாரும் கை வையி, கை வையின்னு உயிர வாங்குவாங்க. இப்ப கை இல்ல, நான் என்ன பண்றது?" சொல்லிக்கொண்டே சிரித்தார். "நல்லா பைப்பிங் வச்சு முடிச்சுக் குடும்மா. அந்தத் தோளு மட்டும் கச்சிதமா இருக்கணும்."

என் மனைவி அன்று தைத்த பைப்பிங் மாதிரி அவள் அதற்கு முன்னும் பின்னும் தைத்ததில்லை. புதன்கிழமை கல்யாணத்தில் மதாம் தோள் தெரிய வந்து நின்றதாகவும், தங்கை இரண்டு மணி நேரம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்றும், மணப்பெண்ணின் தோழிகள் வரிசையாகச் செல்ஃபி எடுத்துக்கொண்டதாகவும் அவரே போன் செய்து சொன்னார்.

படத்துக்கு இனி மிச்ச வேலைதான். ஆயில் பேஸ்டல் குச்சியால் விளிம்புகளில் கோடு இழுத்தேன். அவள் லைனிங் துணியில் ரவிக்கை முன்பக்கத்தை வெட்டி, நிஜமான கொக்கிகள் நான்கு வைத்துத் தைத்து ஒட்டினாள். இரண்டு பூச்சு வார்னிஷ். காய்ந்ததும் இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ஒரு கிண்ணம் வேர்க்கடலையைத் தின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். டிவி பார்ப்பது மாதிரி.

கண்காட்சி ஊருக்குள் பழைய கட்டடம் ஒன்றின் கூடத்தில் நடந்தது. மூன்று நாள். குட்டி யானை வண்டியில் படத்தைக் கொண்டுபோய் இறக்கினோம். மாட்ட வைத்திருந்த பலகைத் தடுப்புகள் ஆறடிதான். அதனால் வாசலுக்குப் பக்கத்தில் தரையிலேயே நிறுத்தி வைத்தார்கள். உள்ளே நுழைகிறவர்கள் முதலில் என் மனைவியின் பாதத்தைப் பார்த்து, அப்படியே மேலே மேலே போய், வாயைப் பிளந்து நின்றார்கள். பல் டாக்டரம்மா ஒரு கடலோர மீனவரைச் செய்திருந்தார். பின்னால் மஞ்சள் சுவர் இருந்தது. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

படத்துக்குக் கீழே என்னென்ன பொருள் என்று எழுதி ஒட்ட வேண்டும். மதாம் போனில் போட்ட கட்டளைப்படி எழுதினேன்: ஒட்டுப்பலகை, பழுப்புக் காகிதம், கரி, அக்ரிலிக், காட்டன் புடவை, நூல், கொக்கி, மதாமின் கை. கடைசிச் சொல்லைப் படித்தவர்கள் எல்லாம் ஓர் அடி பின்னால் போனார்கள். இரண்டாம் நாள் மதாமே கையில்லாத ரவிக்கையோடு வந்து, ஒரு நாற்காலி போடச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் நடந்ததை விளக்கினார். ஒவ்வொரு தடவையும் கதை நீண்டுகொண்டே போனது. சாயங்காலத்துக்குள் நான் ரவிக்கையைக் கத்தரிக்கோலால் அவர் உடம்பிலிருந்தே வெட்டியதாக ஆகிவிட்டது. என் மனைவி கூடத்தின் மூலையில் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். யாரோ ஒரு பெண் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, "நீங்கதானே அது?" என்றாள். "இல்லீங்க, நான் அவங்க டெய்லரு" என்றாள் இவள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கண்காட்சி முடிந்தது. படத்தை எடுத்துப் போகக் குட்டி யானைக்காரரைக் கூப்பிட்டால், அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, தெருவெல்லாம் கடை விரித்திருக்கிறார்கள், வண்டி உள்ளே நுழையாது என்றார். கூடத்தை ஆறு மணிக்குள் காலி செய்ய வேண்டும்.

"நடந்தே போயிடலாம்" என்றாள் என் மனைவி.

"ஏழடிம்மா. முதலியார்பேட்டை வரைக்குமா?"

"என்னத் தூக்கிகினு போறதுக்கு உங்களுக்கு அவ்ளோ கஷ்டமா?"

முன்பக்கம் நான், பின்பக்கம் அவள். படத்தைப் படுக்கை வாட்டத்தில் பக்கவாட்டாகப் பிடித்துக்கொண்டு சந்தைக்குள் நுழைந்தோம். பனியன் கடை, பிளாஸ்டிக் குடம், செருப்புக் குவியல், பழைய பேன்ட் மலை. கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. "வழி விடுங்க, பேஷண்ட் வருது!" என்று ஒரு செருப்புக் கடைக்காரர் கத்தினார். போர்வை விற்கும் அம்மா ஒருத்தி கொக்கியைத் தொட்டுப் பார்த்து, "நெஜ ரவிக்கைடி" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள். கடற்காற்று ஒரு சந்திலிருந்து புறப்பட்டு வந்து பலகையில் மோதியதும் நாங்கள் இரண்டு பேரும் பாய்மரத்தில் மாட்டிக்கொண்டவர்களைப்போல் நாலு எட்டுப் பக்கவாட்டில் ஓடி, ஒரு பலூன்காரர்மேல் போய் முட்டினோம். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அவள் சிரித்தால் பின்பக்கம் ஆடும். பின்பக்கம் ஆடினால் நான் முன்னால் தள்ளாடுவேன். சந்தை முடிவதற்குள் ஆறேழு தடவை கீழே வைத்தோம்.

பெரிய தெருவைக் கடக்க நின்றோம். சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். படத்தையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் விசிலடித்து, இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி, கையைக் காட்டினார். பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. எனக்கு என்னவோ ஊர்வலம் போகிற மாதிரி இருந்தது. நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

முதலியார்பேட்டைக்கு இன்னும் பாதி தூரம் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தை மாதத்தில் யாரும் எதிர்பார்க்காத மழை. ஒதுங்க இடமில்லை. "கவுத்துப் புடிங்க, கவுத்துப் புடிங்க!" என்று அவள் கத்தினாள். படத்தின் முகம் கீழே பார்க்கும்படி திருப்பி, இரண்டு பேரும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டோம். பலகையின் முதுகில் மழை தடதடவென்று விழுந்தது. அவள் பக்கம் உயரம், என் பக்கம் பள்ளம். அதனால் விழுந்த தண்ணீர் அத்தனையும் ஓடிவந்து என் பிடரியில் அருவியாகக் கொட்டியது.

"தண்ணி பூரா என் மேலதாண்டி வருது!"

"நான் குனியட்டுமா?"

"வேணாம், வேணாம். நீ நேரா நட. வார்னிஷ்ல தண்ணி படக் கூடாது."

பின்னால் அவள் சிரிக்கும் சத்தம் மழையைவிடப் பலமாக வந்தது. வீடு வந்து, படத்தை மாடிப்படியில் ஏற்றி, உள்ளறையில் நிறுத்தி, துண்டால் பின்பக்கத்தைத் துடைத்தோம். முன்பக்கம் ஒரு சொட்டுப் படவில்லை. அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு டீ நான்தான் போட்டேன். டம்ளரைக் கையில் வாங்கிய பிறகும் அவளுக்கு விக்கல் நிற்கவில்லை.